கிணற்றில் சேரும் தழைச்சத்து

சங்கங்களின் கணக்கைப் பரிசீலிக்கச் செல்லும் நமக்கு, வரவுக்கும் செலவுக்கும் இடையே காணாமற்போன தொகையைத் தேடிக் கண்டுபிடிப்பதே வேலை. இம்மாதப் பாடத்தில் நாம் தேடப் போவது பணத்தையன்று. பணம் கொடுத்து வாங்கிய தழைச்சத்தையே தேடப் போகிறோம். சங்கத்தின் கிடங்கிலிருந்து மூட்டை மூட்டையாக வயலுக்குச் செல்லும் தழைச்சத்தில் பெரும் பகுதி பயிரில் காணப்படுவதில்லை. அது எங்கே போயிற்று என்று தேடிச் சென்றால், நம் வீட்டுக் குடிநீர்க் கிணற்றின் கரையிலே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு நிமித்தமாக ஒரு கிராமத்தில் நான்கு நாட்கள் தங்க நேர்ந்தது. அவ்வூர்ச் சங்கத்தின் அங்கத்தினர் ஒருவர் வீட்டில், பிறந்து இரண்டு மாதமே ஆன பெண் குழந்தையை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டு சென்று, பிழைக்கவைத்து, அப்பொழுதுதான் திரும்பியிருந்தனர். தாய் உடல் நலம் குன்றியிருந்தமையால் குழந்தைக்குப் புட்டிப்பால் கொடுத்து வந்தனர். சில நாட்களாக உதடும் நகக்கண்ணும் நீலம் பாய்ந்திருக்கக் கண்டு, இருதயக் கோளாறோ என்று அஞ்சி ஓடினர். மருத்துவமனையில் எடுத்த இரத்தம் செந்நிறமாயிராமல் பழுப்பேறிக் கிடந்தது. அதைக் கண்ட மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "பால் மாவை எந்தத் தண்ணீரில் கரைக்கிறீர்கள்?" என்பதே. பிறகு அவ்வீட்டுக் கிணற்று நீரைப் பரிசோதித்தபோது, அதில் நைட்ரேட்டு என்னும் உப்பு, அனுமதிக்கப்பட்ட வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது.

குழந்தையின் பாட்டி நம்மிடம் சொன்ன சொல் இன்னும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. "ஐயா, ஒரு நாளாவது பச்சைத் தண்ணீர் கொடுத்ததில்லையே! பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சித்தானே கொடுத்தேன்" என்றார் அந்த அம்மையார். அவருக்கு அன்று தக்க மறுமொழி சொல்ல நமக்குத் தெரியவில்லை. அதன் பின்னர் படித்தும், அறிந்தோரிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இப்பாடத்தில் தொகுத்துத் தருகிறோம்.

நைட்ரேட்டும் நைட்ரைட்டும்

பயிருக்கு வேண்டிய மூன்று பேரூட்டங்களில் முதலாவதான தழைச்சத்தை இரசாயன நூலார் நைட்ரஜன் என்பர். சாணம், மூத்திரம், மலம், இலை தழை, யூரியா ஆகிய எவ்வடிவில் மண்ணில் இட்டாலும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதனை முதலில் அம்மோனியாவாகவும், பின்னர் நைட்ரைட்டாகவும், இறுதியில் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டு வடிவிலேதான் பெரும்பாலான தோட்டப் பயிர்கள் தழைச்சத்தை உண்கின்றன. ஆகவே நைட்ரேட்டு இயல்பாகவே தீய பொருளன்று. பயிரின் உணவு அது.

நம் முன்னோர் இதனை வேறொரு பெயரால் அறிந்திருந்தனர். வெடிமருந்துக்கு வேண்டிய வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்டே. மாடு கட்டிய இடத்து மண்ணையும், குடியிருப்புகளை அடுத்த உவர்மண்ணையும் வாரி, நீர்விட்டு வடித்து, அவ்வடிநீரைக் காய்ச்சி இவ்வுப்பை எடுத்தனர். பீகார்ப் பகுதியிலிருந்து ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்ற சரக்கு இதுவே. சாணமும் மூத்திரமும் ஊறிய மண்ணில் இவ்வுப்பு விளையும் என்பதும், நீர் விட்டால் அந்நீரோடு அது கரைந்து வந்துவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தன. இன்று நம் கிணறுகளில் நடப்பதும் இதுவேயாகும். மண்ணின் களித்துகள் அம்மோனியாவைப் பற்றி வைத்துக்கொள்ளும். நைட்ரேட்டை மட்டும் பற்றுவதில்லை. மழையோ பாசனமோ மிகும்போது வேரைத் தாண்டி இறங்கும் நீருடன் அதுவும் இறங்கிவிடுகிறது. நிலத்தடி நீரை அடைந்த பின் அது எளிதில் சிதைவதில்லை. ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கும்.

சிசுக்களுக்கு நேரும் அபாயம்

நைட்ரேட்டு உடலுக்குள் நைட்ரைட்டாக மாறும்போதுதான் தீங்கு தொடங்குகிறது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் என்னும் செம்பொருளே பிராணவாயுவைச் சுமந்து உடலெங்கும் சேர்ப்பது. நைட்ரைட்டு அதனைத் தாக்கி, பிராணவாயுவைச் சுமக்க இயலாத மெத்தமோகுளோபின் என்னும் பொருளாக மாற்றிவிடுகிறது. மூச்சு நன்றாக ஓடிக்கொண்டிருந்தும், உடல் காற்றின்றித் தவிக்கும். உதடு, நகம், தோல் ஆகியவை நீலநிறமோ சாம்பல் நிறமோ அடையும். நீலக்குழந்தை நோய் என்று இதனை வழங்குவர்.

பெரியவர்களின் உடலில் இம்மாற்றத்தைச் சரி செய்யும் நொதி போதிய அளவு உண்டு. ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு அது குறைவு. சிசுவின் இரைப்பையில் அமிலமும் குறைவாதலின், நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கும் நுண்ணுயிர்கள் அங்கே பெருக இடமுண்டு. வயிற்றுப்போக்குக் கண்ட குழந்தைக்கு இத்தொல்லை இன்னும் மிகுதி. மேலும், உடல் எடையோடு ஒப்பிட்டால், புட்டிப்பால் குடிக்கும் சிசு பெரியவர்களைவிடப் பன்மடங்கு நீர் அருந்துகிறது.

இந்நோய்க்கும் கிணற்று நீருக்கும் உள்ள தொடர்பை 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தைச் சேர்ந்த ஹண்டர் காம்லி என்னும் மருத்துவர் எடுத்துக் காட்டினார். அவர் கண்ட குழந்தைகளின் வீடுகளிலும் கிணறுகள் ஆழமற்றவை; தொழுவத்தை அடுத்தவை. 1951ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பு ஒன்றில், அந்நாட்டில் 278 குழந்தைகளுக்கு இந்நோய் கண்டதாகவும், அவர்களுள் 39 பேர் இறந்ததாகவும் குறிக்கப்பட்டது. இத்தகைய அனுபவங்களைக் கொண்டே பல நாடுகளும் குடிநீருக்கு வரம்பு வகுத்தன. நம் நாட்டுக் குடிநீர்த் தரநிர்ணயப்படி, ஒரு லிட்டர் நீரில் நைட்ரேட்டு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. வேறு நீர் கிடைக்காத இடத்திலும் இவ்வரம்புக்குத் தளர்வில்லை. உலக சுகாதார நிறுவனம் நைட்ரேட்டுக்கு 50 மில்லிகிராமும், நைட்ரைட்டுக்கு 3 மில்லிகிராமும் வரம்பாகக் கூறுகிறது.

தாய்ப்பால் மட்டும் உண்ணும் குழந்தைக்கு இவ்வபாயம் இல்லையென்றே சொல்லலாம். தாய் அருந்தும் நைட்ரேட்டு பாலில் அதிகமாகச் சேர்வதில்லை. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றித் தண்ணீரும் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கொள்ளத்தக்கது.

பெரியவர்கள் கவலையற்று இருக்கலாமோ எனின், அதுவும் முழுதும் சரியன்று. நைட்ரைட்டு வயிற்றிலுள்ள வேறு சில பொருள்களுடன் கூடிப் புற்றுநோய் விளைக்கக் கூடிய சேர்க்கைகளை உண்டாக்கும். அவ்வாறு சேரும் நிலைமையில் உட்கொள்ளப்படும் நைட்ரேட்டும் நைட்ரைட்டும் மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கக்கூடியவையாக இருக்கலாம் என, சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுதியில் வகைப்படுத்தியுள்ளது. ஆடுமாடுகளின் அசையிரைப்பையும் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றக்கூடியதாதலின், அவற்றிற்கும் இந்நீர் உகந்ததன்று.

ஒரு கிலோவின் கணக்கு

மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, நாடெங்கும் எடுத்த நிலத்தடி நீர் மாதிரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு 45 மில்லிகிராம் வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த மாதிரிகளிலோ நூற்றுக்குச் சுமார் 38 வரம்பு மீறியவை. நம் மாநிலம் இவ்வரிசையில் ராஜஸ்தானுக்கும் கர்நாடகத்துக்கும் அடுத்து நிற்கிறது.

இது எப்படி நேர்ந்தது என்பதை, சங்கப் பேரேட்டில் கணக்குப் பார்ப்பது போலவே பார்ப்போம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. இப்பொழுது வரும் 45 கிலோ மூட்டை ஒன்றில் 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து இருக்கிறது. இதில் பயிர் எடுத்துக்கொள்வது பல நிலங்களில் பாதிக்கும் குறைவே. எஞ்சியதில் ஒரு பகுதி காற்றில் கலக்கும்; ஒரு பகுதி மண்ணில் தங்கும்; மற்றொரு பகுதி நீரோடு இறங்கும்.

இறங்குவது மூட்டையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கிலோ மட்டுமே என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தழைச்சத்து, நைட்ரேட்டாக மாறும்போது 4 கிலோ 430 கிராம் எடை பெறும். குறுக்களவு 5 மீட்டரும், நீர் நிற்கும் ஆழம் 5 மீட்டரும் உள்ள வட்டக் கிணறு ஒன்றில் சுமார் 98,000 லிட்டர் நீர் இருக்கும். அவ்வளவு நீரிலும் அந்த நைட்ரேட்டைக் கரைத்தால், லிட்டருக்கு 45 மில்லிகிராம் வந்துவிடும். ஒரு மூட்டையில் இருபதில் ஒரு பங்கு ஒரு கிணற்றை வரம்பின் எல்லைக்குக் கொண்டு நிறுத்தப் போதும்! நிலத்தடி நீர் நிற்பதன்று, ஊறி ஓடுவது என்பது உண்மையே. ஆனால் நாம் இடுவதும் ஒரு மூட்டையன்றே. ஒரு பருவத்தோடு முடிவதும் அன்றே.

பழி முழுவதையும் யூரியாவின் மேல் சுமத்துவதும் நியாயமன்று. வளர்ந்த ஒருவரின் மலசலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 3 முதல் 4 கிலோ தழைச்சத்து வெளியேறுகிறது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் கழிப்பறைக் குழியில் ஆண்டுதோறும் ஏறக்குறைய முக்கால் மூட்டை யூரியாவில் உள்ள அளவு தழைச்சத்து விழுகிறது. தொழுவமும் எருக்குழியும் இதனோடு சேரும். நாம் முன்னே கூறிய கிணற்றின் ஒருபுறம் வெங்காயப் பாத்தி. மறுபுறம் மாட்டுத் தொழுவம். பின்புறம் கழிப்பறைக் குழி. மூன்றும் தத்தம் பங்கைச் செலுத்தி வந்தன.

நெல் வயலில் நீர் தேங்கி நிற்கும்போது மண்ணில் காற்றுக் குறைவதால், நைட்ரேட்டின் ஒரு பகுதி வாயுவாகிக் கலைந்துவிடும். ஆனால் செம்மண், மணற்பாங்கான தோட்டக்கால் நிலங்களில், கிணற்றுப் பாசனத்தில் வெங்காயம், காய்கறி, மஞ்சள், வாழை போன்றவை பயிராகும் இடங்களில் இறக்கம் அதிகம். அங்கேதான் பாசனக் கிணறே குடிநீர்க் கிணறாகவும் இருக்கிறது.

இக்கணக்கில் நமக்குச் சாதகமான வரவு ஒன்றும் உண்டு. நைட்ரேட்டு 45 மில்லிகிராம் உள்ள கிணற்று நீரை ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குல உயரம் பாய்ச்சினால், அந்நீரோடு சுமார் ஒரு கிலோ தழைச்சத்து வயலைச் சேருகிறது. தடவைக்கு இரண்டு அங்குலமாக இருபது தடவை பாய்ச்சும் பயிருக்கு 40 கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். இது இரண்டு மூட்டை யூரியாவுக்குச் சமம். கிணற்றில் கிடக்கும் நைட்ரேட்டு வேறொருவர் போட்ட விஷமன்று. நம் அங்கத்தினர் கடன் வாங்கி, வட்டியும் கட்டி, பயிருக்குச் சேராமல் கை நழுவவிட்ட உரமேயாகும். அதனைக் கணக்கில் வரவு வைத்து, அந்த அளவுக்கு மூட்டையைக் குறைத்தால் கடனும் குறையும், கிணறும் நாளடைவில் தெளியும்.

சாயப் பட்டறையில் கவனிக்க வேண்டியது

இம்மட்டும் கூறியது விவசாய அங்கத்தினர்களுக்கென்று நெசவாள அங்கத்தினர்கள் எண்ணிவிடலாகாது. நாப்தால் சாயம் ஏற்றும்போது, பேஸ் என்னும் பொருளை அமிலத்துடனும் சோடியம் நைட்ரைட்டுடனும் சேர்த்துக் கரைத்தே நிறம் வருவிப்பர். நிலத்தில் நைட்ரேட்டாக இருந்து உடலில் நைட்ரைட்டாக மாறும் பொருள், சாயப் பட்டறையில் நேராகவே நைட்ரைட்டாக இருக்கிறது. அது வெண்மையான அல்லது இளமஞ்சளான படிகம். பார்வைக்குச் சமையல் உப்பைப் போன்றது. நாவுக்கும் உப்புக் கரிப்பது. ஆனால் சிறிதளவு உட்கொண்டாலும் வளர்ந்த ஆளையே சாய்க்க வல்லது.

1944ஆம் ஆண்டு செப்டம்பரில் நியூயார்க் நகரத்தில் ஏழை முதியவர் பதினொருவர், ஒரே சிற்றுண்டிச்சாலையில் காலைக் கஞ்சி குடித்தபின் உடல் நீலம் பாய்ந்து விழுந்தனர். ஒருவர் இறந்தார். இறைச்சியைப் பதப்படுத்த வைத்திருந்த சோடியம் நைட்ரைட்டை உப்பென்று எண்ணிச் சமையற்காரர் கஞ்சியில் இட்டதே காரணம் என்று சுகாதார அதிகாரிகள் கண்டறிந்தனர்.

இது தொலைதேசத்துச் செய்தியெனத் தள்ளத்தக்கதன்று. சாயப் பட்டறையில் நைட்ரைட்டும் உண்டு. வேறு சாயங்களுக்கு மூட்டைக் கணக்கில் சாதாரண உப்பும் உண்டு. ஒரு நெசவாளர் சங்கத்தில் இருப்புச் சரிபார்க்கையில், இரண்டையும் இருப்புப் பதிவேட்டில் 'உப்பு வகை' என்ற ஒரே தலைப்பில் எழுதியிருக்கக் கண்டோம். நைட்ரைட்டு இருந்த தகர டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டிலும் 'உப்பு' என்றே இருந்தது. அந்த டப்பாவுக்கு நான்கடி தள்ளித் தொழிலாளர்கள் மதியக் கஞ்சியை வைத்திருந்தனர். எவர்மீதும் குற்றம் கூறுவது நம் நோக்கமன்று. எழுதியவர் சுருக்கமாக எழுதினார், அவ்வளவே. ஆயினும், அச்சுருக்கம் ஓர் உயிருக்கு ஈடாகக் கூடியது. நைட்ரைட்டுக்குத் தனிப் பக்கமும், தனிப் பூட்டும், சிவப்பு மையில் 'விஷம்' என்றெழுதிய சீட்டும் வேண்டும். உணவுப் பண்டம் இருந்த டப்பாவில் அதனை வைக்கவே கூடாது. ஒவ்வொரு தடவையும் எடை போட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் பெற வேண்டும். அமிலத்தை அதன் மேல் நேராகக் கொட்டினால் நச்சுப் புகை எழும் என்பதையும் புதிதாய் வேலைக்கு வருவோர்க்குச் சொல்லி வைத்தல் நலம்.

நாப்தால் சாயக் கழிவிலுள்ள நைட்ரைட்டும், ரியாக்டிவ் அச்சுப் பசையில் கலக்கும் யூரியாவும் மண்ணில் விழுந்தால், அங்குள்ள நுண்ணுயிர்களால் நைட்ரேட்டாகிக் கிணற்றையே நாடும். ஆதலின் கழிவு நீரைப் புறக்கடையில் விடுவது, நம் வீட்டுக் குடத்திலேயே விடுவதற்கு ஒப்பாகும்.

காய்ச்சினால் போகுமோ?

இனி அந்தப் பாட்டியம்மையாருக்குச் சொல்ல வேண்டிய மறுமொழிக்கு வருவோம். காய்ச்சுவதால் கிருமிகள் மாளும். நைட்ரேட்டு உயிருள்ள பொருளன்று, உப்பு. உப்பு நீரைச் சுண்டக் காய்ச்சினால் உப்புப் போவதில்லை, மேலும் கரிக்கும். அதேபோல், நீர் பாதியாகச் சுண்டினால் எஞ்சிய நீரில் நைட்ரேட்டின் செறிவு இரட்டிப்பாகும். அன்பினால் செய்த காரியமே அக்குழந்தைக்கு இருமடங்கு நைட்ரேட்டை ஊட்டியது. இவ்வுண்மையை அறியாதது அவர் குற்றமன்று. அறிந்தோர் சொல்லாததே குற்றம்.

படிகாரம் கலக்கினாலும், துணியிலும் மணலிலும் வடிகட்டினாலும், குளோரின் இட்டாலும் நைட்ரேட்டு நீங்காது. ஆர்.ஓ. என வழங்கும் சவ்வு இயந்திரம் பெரும்பகுதியை நீக்கும். ஆனால் அது ஒதுக்கித் தள்ளும் நீரில் நைட்ரேட்டு மேலும் செறிந்திருக்குமாதலால், அந்நீரைக் கிணற்றடியில் விடலாகாது. தோட்டத்துப் பயிருக்கு விடலாமெனினும், அதில் மற்ற உப்புகளும் செறிந்திருப்பதால் அளவறிந்து விடவேண்டும். ஆற்று நீரைக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய் ஊரில் இருந்தால், அந்நீர் பெரும்பாலும் நைட்ரேட்டுக் குறைந்ததாயிருக்கும். தூய கூரையில் பிடித்துச் சேமித்த மழைநீரிலும் அவ்வாறே. நைட்ரேட்டுக் குறைந்த நீரைக் கிருமிக்காகக் காய்ச்சிச் சிசுவுக்குப் பயன்படுத்துவதே சரியான முறை. அதிலும் சுண்டும்வரை வைக்காமல், நன்கு கொதி வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

குழந்தையின் உதடோ நகமோ நீலமாகத் தோன்றினால், கைமருத்துவம் பார்த்துக் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. எந்தக் கிணற்று நீரைக் கொடுத்தோம் என்பதையும் மருத்துவரிடம் மறவாமல் கூறுக. தக்க நேரத்தில் சென்றால் இதற்கு மருந்து உண்டு.

பரிசோதனை செய்யும் முறை

நைட்ரேட்டுக்கு நிறமில்லை; மணமில்லை; குடிநீரில் காணும் அளவில் சுவையுமில்லை. இளநீர் போல் இனிக்கும் கிணற்றிலும் அது இருக்கலாம். பரிசோதனை ஒன்றே வழி. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்களில் கட்டணம் செலுத்திப் பரிசோதித்துக் கொள்ளலாம். 2019ஆம் ஆண்டில் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ், கிராமப் பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியைக் கொண்டு நீரைச் சோதிக்கப் பயிற்சி அளிக்கப்பட்டுள்ளது. பஞ்சாயத்தில் விசாரித்தால் விவரம் தெரியும்.

சுத்தமான பிளாஸ்டிக் புட்டியை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலம்பி நிரப்பி, வெயில் படாமல் குளிர்ச்சியாக வைத்து, கூடியவரை அன்றே சேர்ப்பிக்க வேண்டும். மழைக்காலத்திற்குப் பின் ஒருமுறையும், கோடையில் ஒருமுறையும் பார்ப்பது நன்று. பருவத்துக்கேற்ப அளவு மாறும்.

அறிக்கையைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை. அளவைச் சிலர் நைட்ரேட்டாகக் குறிப்பர்; சிலர் அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் குறிப்பர். நைட்ரேட்டு 45 என்பதும், நைட்ரஜன் 10 என்பதும் ஏறத்தாழ ஒரே அளவே. நாமே ஒரு முறை, களப் பெட்டியில் கண்ட 15 என்னும் எண்ணைப் பார்த்து, "45-க்கு மிகவும் கீழே இருக்கிறது" என்று ஓர் அங்கத்தினரிடம் தைரியம் கூறிவிட்டோம். பெட்டிக்குள்ளிருந்த குறிப்பை அன்று மாலை படித்தபோதுதான் அது நைட்ரஜன் கணக்கென்று தெரிந்தது. அந்நீர் வரம்பைப் போல் ஒன்றரை மடங்கு நைட்ரேட்டு உடையது! இரவோடிரவாகச் சென்று திருத்திச் சொன்னோம். ரூபாயையும் பைசாவையும் ஒரே பத்தியில் கூட்டியவர் படும் வெட்கத்தை அன்று நாமும் அடைந்தோம்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

ஒருவர் தம் வயலில் மட்டும் உரத்தைக் குறைத்தால் கிணறு தெளியாது. நிலத்தடி நீருக்கு வரப்பு இல்லை. அண்டை வயலின் உரமும், எதிர்வீட்டுக் குழியும் நம் கிணற்றுக்கு வரும். ஆகவே இது தனி மனிதர் தீர்க்கக் கூடிய விஷயமன்று, கூட்டுறவாலேயே தீரக்கூடியது. உரத்தை விற்பதும் சங்கம், கடன் கொடுப்பதும் சங்கம் ஆதலின், பொறுப்பின் ஒரு பங்கும் சங்கத்தைச் சேர்ந்ததே. அடுத்த பேரவைக் கூட்டத்தில் பின்வருவனவற்றை ஆலோசிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. அங்கத்தினர்களின் குடிநீர்க் கிணறுகள் அனைத்தையும் ஒருமுறை பரிசோதித்து, முடிவுகளைச் சங்க அலுவலகத்தில் எழுதி ஒட்டுதல். துணைவிதிகள் இடங்கொடுப்பின், செலவைப் பொது நன்மை நிதியிலிருந்து ஏற்றல்.

2. மண் பரிசோதனை முடிவைப் பார்த்தே யூரியாவின் அளவைச் சொல்லுதல். இட்ட தொழு உரத்தையும், மடக்கி உழுத சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றையும், பாசன நீரின் தழைச்சத்தையும் வரவில் கழித்தல்.

3. உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று நான்கு தவணையாக இடுதல். கனமழை எதிர்பார்க்கும் நாளில் இடாமை. நெல்லுக்கு இலை வண்ண அட்டையைப் பார்த்து மேலுரம் இடுதல். 2015ஆம் ஆண்டு முதல் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவே வருகிறது. வேளாண்மைத் துறையினர் கூறி வந்தபடி, யூரியா 5, ஜிப்சம் 4, வேப்பம் பிண்ணாக்கு 1 என்ற விகிதத்தில் கலந்து ஓரிரவு வைத்திருந்து இடுவதும் சத்து மெல்ல இறங்கத் துணையாகும்.

4. எருக்குழியைக் கிணற்றைவிட்டு விலக்கி, அடியைக் கெட்டித்து, மேலே கூரையிடுதல். கழிப்பறைக் குழி கிணற்றுக்குக் குறைந்தது 15 மீட்டர் தள்ளி, நீரோட்டத்தின் கீழ்ப்புறத்தில் அமைதல். இத்தூரம் கிருமிக்குப் போதுமாயினும் நைட்ரேட்டுக்கு முற்றும் போதாது. ஆகவே பரிசோதனையைக் கைவிடலாகாது.

5. ஆறு மாதத்திற்குட்பட்ட சிசுவும், கருவுற்ற பெண்ணும் உள்ள வீடுகளைக் குறித்துக்கொண்டு, அவ்வீட்டுக் கிணறுகளை முதலில் பரிசோதித்தல். நீர் வரம்பு மீறியிருந்தால், வேறு நல்ல நீர் கிடைக்க ஏற்பாடு செய்தல்.

6. நெசவாளர் சங்கங்களில் நைட்ரைட்டைத் தனிப் பதிவேட்டிலும் தனிப் பூட்டிலும் வைத்தல்.

சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு 1995ஆம் ஆண்டு மான்செஸ்டர் மாநாட்டில் வகுத்த ஏழு கொள்கைகளில் ஏழாவது, சமுதாய நலனில் அக்கறை என்பதாகும். அது ஏட்டிலிருந்து ஊருக்குள் இறங்க இதைவிடச் சிறந்த வேலை நமக்குத் தோன்றவில்லை. லாபத்தைப் பங்கிட்டுக் கொள்ளும் நாம், நிலத்துக்கடியில் ஒரே நீரையும் பங்கிட்டுக் கொள்கிறோம் என்பதை மறவாதிருப்போமாக.

அந்தக் கிராமத்திற்கு மறு ஆண்டு ஆய்வுக்குச் சென்றபோது, கிணற்றை ஒட்டியிருந்த எருக்குழி இடம் மாறியிருந்தது. வெங்காயத்துக்கு மூட்டை குறைந்திருந்ததைக் கடன் பேரேட்டிலேயே கண்டோம். கிணறு இன்னும் வரம்புக்குள் வரவில்லை. அதற்கு ஆண்டுகள் பல ஆகும். குழந்தை நடை பழகிக்கொண்டிருந்தது. பாட்டியம்மையார் குழாயடியிலிருந்து குடம் சுமந்து வந்தார். "இப்போதெல்லாம் சுண்ட வைப்பதில்லை ஐயா" என்று, நாம் கேளாமலே கூறினார்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் ஆண்டொன்றுக்கு எத்தனை மூட்டை யூரியா இடப்படுகிறது? அதில் உள்ள தழைச்சத்து எவ்வளவு?

2. நம் குடிநீர்க் கிணற்றிலிருந்து எருக்குழி, கழிப்பறைக் குழி, உரமிட்ட பாத்தி ஆகியவை எத்தனை மீட்டர் தூரத்தில் உள்ளன?

3. காய்ச்சிய நீர் எதற்கு நல்லது, எதற்கு உதவாது என்பதை வீட்டிலுள்ள பெண்களுக்கும் பெரியோருக்கும் எவ்வாறு எடுத்துரைப்பது?

4. நம் சங்கத்துச் சாயப் பட்டறையில் நைட்ரைட்டு எங்கே, எந்தப் பெயர்ச் சீட்டோடு இருக்கிறது? சென்ற மாதம் எவ்வளவு செலவாயிற்று?